மிச்சம் மீதியா, சொந்தச் சமையலா? வாஷிங்டனில் ஒரு மதியச் சாப்பாடு

பசிக்கிறதே என்று நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

வாஷிங்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்து லிஃப்டில் கீழே இறங்கினேன். லிஃப்ட் இறங்க இறங்க, வெளிச் சுவரில் எழுதியிருக்கும் ஆண்டுகள் பின்னோக்கிப் போகின்றன. கதவு திறக்கும்போது நாம் 1400களில் நிற்கிறோம். அங்கிருந்து மூன்று தளங்கள் நடந்தே மேலேறி இன்றைக்கு வந்து சேர வேண்டும்.

வழியில் என்னென்ன பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன். 1794இல் கேப் டவுன் அருகே மூழ்கிய சாவோ ஜோசே என்ற அடிமைக் கப்பலின் இரும்புப் பாளங்கள். மனிதர்களைச் சரக்காக ஏற்றினால் கப்பலுக்குப் பாரம் போதாதாம், அதற்காக அடித்தட்டில் வைத்த இரும்பு. அடுத்து, தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவிலிருந்து பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கும் ஒரு குடிசை. அடிமைகளாக இருந்தவர்கள் வாழ்ந்த வீடு அது. மூன்றாவது, 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துச் சுட்டுக் கொன்ற 14 வயதுப் பையன் எம்மெட் டில்லை முதலில் அடக்கம் செய்த சவப்பெட்டி. அந்த அறையில் படம் எடுக்கக் கூடாது. எடுக்கவும் தோன்றாது.

மேலே வந்து சேரும்போது மணி இரண்டு. கூரையிலிருந்து வட்டமாகத் தண்ணீர் கொட்டும் ஓர் அமைதிக் கூடம் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து நடந்தால், அதே தளத்தில் கோழி பொரிக்கும் வாசனை. வயிறு கேட்கவில்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டு உடனே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதா என்று ஒரு தயக்கம். நின்றேன். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது, கீழே பார்த்த கண்காட்சியின் இன்னொரு அறைக்குள்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நான்கு அடுப்புகள்

2016 செப்டம்பர் 24 அன்று அதிபர் ஒபாமா திறந்துவைத்த அருங்காட்சியகம் இது. உள்ளே இருக்கும் உணவகத்துக்குப் பெயர் ஸ்வீட் ஹோம் கஃபே. சுமார் 400 பேர் உட்காரலாம். ஆடம்பரம் ஒன்றுமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நாமே போய் வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பரிமாறும் இடத்தை நான்காகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் விஷயம். விவசாயத் தென்பகுதி, கிரியோல் கடற்கரை, வட மாநிலங்கள், மேற்கு மேய்ச்சல் நிலம் என்று நான்கு வட்டாரங்கள்.

நாம் சாதாரணமாக என்ன நினைக்கிறோம்? கறுப்பினத்தவர் சாப்பாடு என்றால் பொரித்த கோழி, பன்றி இறைச்சி, அவ்வளவுதான் என்று. அது ஒரு வட்டாரம் மட்டுமே என்று சொல்லாமல் சொல்கிறது இந்த நான்கு அடுப்பு ஏற்பாடு. லூசியானா கரையில் இறாலும் கம்போவும். வடக்கே ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பினப் பெண்கள் தெருவில் கூவி விற்ற பெப்பர் பாட் என்ற காரமான சூப். இதை 1811இலேயே ஜான் லூயிஸ் கிரிம்மல் என்ற ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார். மேற்கே மாடு ஓட்டிய கௌபாய்களின் இறைச்சிக் குழம்பு. அந்தக் கௌபாய்களில் கணிசமானவர்கள் கறுப்பினத்தவர். இதை ஹாலிவுட் நமக்குச் சொல்லவே இல்லை.

என் தட்டில் வந்தவை இவை: பொரித்த கோழி, காலர்ட் கீரை, மக்காச்சோள ரொட்டி, மக்ரோனி சீஸ், அப்புறம் ஹாப்பின் ஜான் என்ற பயறுச் சோறு ஒரு கிண்ணம்.

அட, காராமணி!

ஹாப்பின் ஜானைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது நம்ம காராமணி. வெள்ளைப் பயறு, நடுவில் கறுப்புப் பொட்டு. அரிசியோடு சேர்த்து வேகவைத்தது. புத்தாண்டு அன்று இதைச் சாப்பிட்டால் வருஷம் பூரா நல்லது நடக்கும் என்று அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு நம்பிக்கை.

காராமணியின் தாயகம் ஆப்பிரிக்கா. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது இந்தியாவுக்கு வந்துவிட்டதால், நாம் அதை நம்ம ஊர்ப் பயறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதே பயறு மேற்கே போனது அடிமைக் கப்பல்களில். அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பிடித்து வைத்தவர்களை உயிரோடு வைத்திருக்கக் கப்பல்காரர்கள் ஆப்பிரிக்கக் கரையிலேயே பயறு, அரிசி, கிழங்கு எல்லாம் வாங்கி ஏற்றினார்கள். மூன்றரை நூற்றாண்டுகளில் இப்படிக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் வட அமெரிக்கக் கரைக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மனிதர்களோடு தானியமும் இறங்கியது. குடிசைக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில், பகல் வேலை முடிந்த பிறகு, அவர்கள் அதைப் போட்டு வளர்த்தார்கள்.

சாட்சி வேண்டுமென்றால் சொற்களைப் பாருங்கள். வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் ஓக்ரா என்கிறோமே, அது மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்த சொல். கம்போ என்ற சொல்லும் வெண்டைக்காய்தான். அது மத்திய ஆப்பிரிக்காவின் பான்டு மொழிகளிலிருந்து வந்தது. தென் கரோலினாவில் எள்ளுக்கு பென்னே என்று பெயர், அதுவும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல். வேர்க்கடலையைத் தென்பகுதியில் கூபர் என்பார்கள். கிகொங்கோ மொழியில் அது ந்குபா. உடம்பில் ஒரு துணிகூடச் சொந்தமாக இல்லாமல் வந்திறங்கியவர்கள், காய்க்கும் பயறுக்கும் தங்கள் பெயரை வைத்துவிட்டார்கள். முதலாளியும் கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டுச் சாப்பிட்டார்.

மிச்சம் மீதி என்கிற கதை

ஸோல் ஃபுட் பற்றி எங்கே படித்தாலும் ஒரு விளக்கம் வரும். முதலாளி நல்ல கறியைச் சாப்பிட்டார், மிச்சம் மீதியை அடிமைகளுக்கு எறிந்தார், அவர்கள் அதை ருசியாகச் சமைத்துக்கொண்டார்கள், அதுதான் ஸோல் ஃபுட். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியான தன்வரலாற்றில் படி அளந்த கணக்கை எழுதியிருக்கிறார். ஓர் ஆளுக்கு மாதம் 8 பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷெல் சோள மாவு. அதாவது மாதம் முழுவதற்கும் மூன்றரைக் கிலோ சொச்சம் இறைச்சி, 35 லிட்டர் படியில் மாவு. இதை வைத்துக்கொண்டு சூரியன் உதிப்பதற்கு முன்னால் தொடங்கி இருட்டும்வரை வயலில் வேலை. பன்றியின் குடல், கால், காது எல்லாம் சமையலுக்கு வந்தது இந்தப் பற்றாக்குறையால்தான்.

கீரைக் கதையும் அப்படித்தான். காலர்ட் என்பது முட்டைக்கோஸின் உறவு. ஆனால் உருண்டையாகச் சுருளாது, அகல இலையாகவே இருக்கும். வழக்கமாகப் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டு நீண்ட நேரம் வேகவைப்பார்கள். வெந்ததும் கீழே நிற்கும் சாற்றுக்குப் பாட்லிக்கர் என்று பெயர். கீரை பெரிய வீட்டு மேசைக்குப் போகும், சாறு அடுக்களையில் தங்கும். கீரையின் சத்தில் ஒரு பங்கு அந்தச் சாற்றில் இறங்கியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, சோள ரொட்டியைப் பிட்டுச் சாற்றில் முக்கி, பேரனுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் முதலில் முகத்தைச் சுளித்தான், அப்புறம் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நானும் அப்படியே முக்கிச் சாப்பிட்டேன். உப்பும் புகையும் லேசான கசப்புமாக நன்றாகவே இருந்தது.

இனி அந்தக் கதை மறைக்கிற பாதி. மிச்சம் மீதி என்று சொல்லும்போது என்ன ஆகிறது என்றால், சமைத்தவருக்கு அறிவு என்று ஒன்று இல்லை, கிடைத்ததைக் கொதிக்கவைத்தார் என்று ஆகிவிடுகிறது. ஹாப்பின் ஜானில் இருந்த அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரப் பண்ணை முதலாளிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும் பணக்காரர்களானது நெல்லால். அந்த முதலாளிகள் வந்தது இங்கிலாந்திலிருந்தும் பார்படோஸிலிருந்தும். அவர்களுக்கு நெல் விவசாயம் பழக்கமில்லை. செனகல், காம்பியா, சியரா லியோன் பகுதி மக்களுக்கோ அது பரம்பரைத் தொழில். உப்புத் தண்ணீரைத் தடுத்து வரப்புக் கட்டுவது, மதகு வைப்பது, உரலில் குத்துவது, புல்லால் பின்னிய தட்டில் புடைப்பது எல்லாம் அவர்கள் அறிந்தவை. ஜூடித் கார்னி என்ற புவியியலாளர் 2001இல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாக வாதிட்டார். டேவிட் எல்டிஸ் முதலான வரலாற்று ஆய்வாளர்கள், ஆப்பிரிக்க அறிவின் பங்கை அவர் மிகைப்படுத்துகிறார் என்று 2007இல் மறுத்து எழுதினார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சதுப்பு நிலத்தை வெட்டி வயலாக்கிய கைகள் யாருடையவை என்பதில் சந்தேகமே கிடையாது.

கம்போ பானையிலும் இதே கதைதான். குழம்பைக் கெட்டியாக்க மூன்று வழிகள். வெண்டைக்காய் போடலாம், அது ஆப்பிரிக்க வழி. சாசஃப்ராஸ் இலைப் பொடி தூவலாம், அது சோக்டா பழங்குடியினர் வழி. மாவைக் கொழுப்பில் வறுத்துச் சேர்க்கலாம், அது பிரெஞ்சு வழி. மூன்று மக்களின் கைப்பக்குவத்தை ஒரே பானையில் சேர்க்கத் தெரிந்தவரை எச்சில் பொறுக்கியவர் என்று சொல்ல முடியுமா?

மக்ரோனி சீஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அதைப் பிரபலமாக்கியவர் தாமஸ் ஜெஃபர்சன் என்று ஒரு பேச்சு உண்டு. ஜெஃபர்சன் 1784இல் பாரிஸுக்குத் தூதராகப் போனபோது, தன் அடிமையான 19 வயது ஜேம்ஸ் ஹெமிங்ஸைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார். திரும்பி வந்தபின் விடுதலை கேட்டபோது, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்று 1793இல் எழுதிக் கையெழுத்திட்டார். ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார், 1796இல் விடுதலையானார், 1801இல் இறந்துபோனார். தன் தொழிலைத் தம்பியின் தலையில் கட்டிவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளியே வர முடிந்தது. அவர் கைப்பட எழுதிய சமையலறைப் பாத்திரப் பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது. புகழ் மட்டும் முதலாளி பெயரில்.

எல்லோருடைய கதையும் இவ்வளவு சோகமில்லை. சுதந்திரமான பெற்றோருக்கு வர்ஜீனியாவில் 1791இல் பிறந்த தாமஸ் டௌனிங், நியூயார்க்கின் பிராட் தெருவில் சிப்பி உணவகம் நடத்திப் பெரும் புள்ளியானார். வங்கிக்காரர்களும் அரசியல்வாதிகளும் மேலே உட்கார்ந்து சாப்பிட, கீழே நிலவறையில் தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களை அவர் ஒளித்துவைத்தார் என்பார்கள். இந்த கஃபேயின் வட மாநிலப் பிரிவு அவர் பெயரிலேயே ஒரு சிப்பி உணவை வைத்தது.

பெயர் எப்போது வந்தது?

ஸோல் ஃபுட் என்ற பெயர் பரவியது 1960களில்தான். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தென் மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். பிழைக்கப் போன ஊரில் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்காத மனிதர் உண்டா? ஏங்கியது அன்றாடக் கூழுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு. அதைத்தான் அங்கே கடை போட்டு விற்றார்கள். கறுப்பின உரிமைக் குரல்கள் ஓங்கிய 60களில், இசைக்கு வந்த அதே ‘ஸோல்’ சாப்பாட்டுக்கும் வந்தது. கறுப்பினத்தவருக்குச் சொந்தச் சமையல் என்று ஒன்று கிடையாது என்று சொன்னவர்களுக்குப் பதிலாகவே அமிரி பராகா 1962இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. பன்றி இறைச்சி அடிமைக் காலத்தின் மிச்சம், அதைத் தொடாதே என்றார் நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் எலைஜா முகம்மது. நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி சைவத்துக்கே மாறினார். உப்பும் கொழுப்பும் தினசரி ஆனால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. அது நியாயமான கேள்வி. ஏட்ரியன் மில்லர் 2013இல் எழுதிய ஸோல் ஃபுட் வரலாற்று நூல் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. இது கொண்டாட்டச் சாப்பாடு, அன்றாடச் சாப்பாட்டில் காய்கறியே அதிகம் என்கிறார் அவர். விருந்தை மட்டும் பார்த்து ஒரு சமூகத்தின் சமையலை எடை போட்டால் எந்தச் சமூகம்தான் தேறும்?

கோழியும் செருப்புப் பெட்டியும்

பொரித்த கோழியைப் போல ஒரே நேரத்தில் பெருமையும் அவமானமும் சுமந்த பண்டம் வேறு இருக்காது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டு வைத்து, ரயில் ஜன்னலோரம் கோழி விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். அதே காலத்தில் வெள்ளையர்களின் கேலிச் சித்திரங்களில் கறுப்பினத்தவர் என்றால் கோழி திருடுபவர், கோழியைக் கடித்துக் குதறுபவர். 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படத்திலும் அந்தக் கேலி உண்டு. இன்றும் பொது இடத்தில் பொரித்த கோழி சாப்பிடத் தயங்கும் கறுப்பினத்தவர் உண்டு என்பதைப் படித்தபோது எனக்கு வலித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இனப் பிரிவினைச் சட்டங்கள் நடந்த காலத்தில் வழியில் பெரும்பாலான உணவகங்களில் இவர்களுக்கு இடம் கிடைக்காது. அதனால் பயணம் போகும்போது காலியான செருப்புப் பெட்டியில் பொரித்த கோழி, அவித்த முட்டை, கேக் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். ஆறினாலும் கெடாது, கையால் சாப்பிடலாம். கீழ்த்தளத்தில் நிற்கும் அந்தப் பிரிவினைக் கால ரயில் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு இருக்கைகள்தான் தெரிந்தன. கோழியைக் கடித்தபோதுதான் மடியில் பெட்டியோடு அதில் உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்தார்கள்.

சுவரில் இருக்கும் படம்

கஃபேயில் ஒரு சுவர் முழுக்கப் பெரிய படம் ஒன்று. உணவக மேடை முன்னால் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் கடை. எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல் என்ற நான்கு கல்லூரி மாணவர்கள் கடையில் சில்லறைச் சாமான் வாங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டார்கள். பிறகு உணவக மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் போராட்டம் தென் மாநில நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது.

அந்தக் கடை வழிக்கு வந்தது ஜூலை 25ஆம் தேதி. அன்று அந்த மேடையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர் யார் தெரியுமா? அதே கடையில் வேலை பார்த்தவர்கள். இவர்கள் கை பட்ட சாப்பாடு தீட்டில்லை, உட்காருவதுதான் தீட்டாக இருந்திருக்கிறது. சமைத்தவர் சமைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட 1960 ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சாப்பிட உட்காரலாமா என்று நான் தயங்கினேன் அல்லவா? அந்தப் படத்துக்கு எதிரில் என் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது அந்தத் தயக்கம் எனக்கே வேடிக்கையாகத் தோன்றியது. உட்கார்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிடுவதற்குத்தான் இத்தனை பாடும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அனுமதி இலவசம், ஆனால் நேரம் குறித்த சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். முதலில் கீழே போங்கள். மேலே வந்ததும் சாப்பிடுங்கள், இசையும் கலையும் இருக்கும் மேல்தளங்களை அப்புறம் பார்க்கலாம். தட்டில் கீரை இருந்தால் சாற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரொட்டியைப் பிட்டு முக்கிச் சாப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, பக்கத்து மேசையில் யாராவது பாட்டி அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.